ஈஸ்டர் தேதியை முடிவு பண்றது யாரு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் வெட்டியிருக்கேன்.)

இன்னைக்கு ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

எங்க டீம்ல சென்னை, லண்டன், ஏதென்ஸ்னு மூணு ஊர் ஆட்கள் இருக்கோம். எந்த நாள் ரிலீஸ் பண்ணலாம், எந்த நாள் கூடாதுன்னு பார்க்க ஒரு லீவு அட்டவணை உண்டு. கிறிஸ்துமஸ் பிரச்சினையே இல்ல, டிசம்பர் 25. புனித வெள்ளியை மட்டும் வருஷா வருஷம் யாராவது கூகுள் பண்ணி டைப் பண்ணணும். எனக்கு இது எரிச்சலா இருந்தது. ஈஸ்டர் தேதியைக் கண்டுபிடிக்க பத்து வரியில் ஒரு அல்காரிதம் இருக்கு. அதை எடுத்துப் போட்டு, ரெண்டு நாள் கழிச்சா புனித வெள்ளி. முடிஞ்சது. 2024-க்கு மார்ச் 29 வந்தது, சரியா இருந்தது, ரெண்டு பேர் பாராட்டினாங்க.

மே 3, வெள்ளிக்கிழமை. ஒரு ரிலீஸ் போச்சு, ஏதோ உடைஞ்சது. (வெள்ளிக்கிழமை ரிலீஸ் பண்ணினதே தப்புன்னு கமெண்ட் போடப் போறீங்க. ஒத்துக்கிறேன்.) அன்னைக்கு ஆன்-கால்ல இருந்தவங்க ஏதென்ஸ் தோழி. எனக்கு இங்க ராத்திரி பதினொன்றரை. போனை எடுத்தாங்க, பின்னாடி மணிச்சத்தம், கூட்டத்தோட சத்தம். ரொம்ப மெதுவா சொன்னாங்க: “இன்னைக்கு எங்களுக்குப் புனித வெள்ளி. ஊர்வலத்துல நிக்கிறேன்.”

எனக்குப் புரியல. புனித வெள்ளி முடிஞ்சு அஞ்சு வாரம் ஆச்சே?

கிரீஸ்ல அன்னைக்கு ராத்திரி, இயேசுவோட கல்லறையைக் குறிக்கிற பூ அலங்காரப் பாடையைத் தூக்கிட்டு தெருத்தெருவா போவாங்க. எபிதாஃபியோஸ்னு பேர். ஆளாளுக்குக் கையில மெழுகுவத்தி. வருஷத்துல அவங்களுக்கு அதைவிடப் பெரிய ராத்திரி அதுக்கு அடுத்த நாள் ராத்திரி ஒண்ணுதான். அப்படி நின்னவங்களைத்தான் என் பத்து வரி, தெருவோரமா லேப்டாப் திறக்க வெச்சது. அதுக்கப்புறம் நான் உட்கார்ந்து படிச்சதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, இந்தத் தேதி ஏன் ஓடிக்கிட்டே இருக்கு? இயேசு சிலுவையில் அறையப்பட்டது யூதர்களோட பாஸ்கா பண்டிகையை ஒட்டி. எகிப்து அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைக்கிற பண்டிகை அது. யூத நாள்காட்டியில் நிசான் மாசம் 14-ஆம் நாள். சந்திர மாசம் என்பதால் கிட்டத்தட்ட பௌர்ணமி. கல்லறை காலியா இருந்ததைப் பெண்கள் பார்த்தது வாரத்தோட முதல் நாள், ஞாயிறு. ஆக கையில் இருக்கிற தகவல் ரெண்டு: ஒரு பௌர்ணமி, ஒரு கிழமை. தைப்பூசம் செவ்வாயில வந்தா செவ்வாயில கும்பிட்டுக்கிறோம். ஈஸ்டருக்கு பௌர்ணமியும் வேணும், ஞாயிறும் வேணும், வசந்த காலமாகவும் இருக்கணும். சூரிய வருஷம் 365.2422 நாள், சந்திர மாசம் 29.53 நாள், வாரம் 7 நாள். எதுவும் எதுக்குள்ளயும் மீதியில்லாம அடங்காது.

ஆரம்பத்துல ரெண்டு கோஷ்டி இருந்தது. இன்னைக்குத் துருக்கி இருக்கிற பக்கத்துச் சபைகள், “நிசான் 14 என்ன கிழமையா இருந்தாலும் அன்னைக்குத்தான்” என்றார்கள். ரோம் பக்கம், “ஞாயிறுதான்” என்றார்கள். கி.பி. 155 வாக்கில் ஸ்மிர்னா ஊர் ஆயர் பாலிகார்ப், வயசான மனுஷன், ரோமுக்கு வந்து அங்கிருந்த ஆயர் அனிசீட்டஸ்கிட்ட இதைப் பேசினார். பாலிகார்ப், நான் இதைத் திருத்தூதர் யோவானோட சேர்ந்து கடைப்பிடிச்சவன்னு நின்னார். அனிசீட்டஸ், எனக்கு முன்னாடி இருந்தவங்க வழியை மாத்த மாட்டேன்னு நின்னார். ஒருத்தரும் இறங்கி வரல. ஆனா அனிசீட்டஸ் தன்னோட கோவில்ல, தன்னோட இடத்துல பாலிகார்ப்பை நிறுத்தி நற்கருணை நடத்தச் சொன்னார். சமாதானமா பிரிஞ்சாங்க.

நாப்பது வருஷம்கூட ஆகல. விக்டர்னு இன்னொரு ரோம் ஆயர், கிழக்குச் சபைகளை ஒட்டுமொத்தமா விலக்கி வைக்கக் கிளம்பினார். லியோன் நகர ஆயர் இரனேயுஸ் அவருக்கு எழுதின கடிதத்துல இந்தப் பாலிகார்ப் கதையைத்தான் ஞாபகப்படுத்தினார். வித்தியாசமா கொண்டாடினவங்களும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டாங்களே, உனக்கு என்ன அவசரம்னு.

அடுத்து 325, நிசேயா பொதுச்சங்கம். இன்னைக்குத் துருக்கியில் இஸ்னிக்னு ஒரு ஏரிக்கரை ஊர். கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டினது. “எல்லாரும் ஒரே ஞாயிறு” என்பது முடிவு. எந்த ஃபார்முலா என்று சங்கத்தின் சட்டங்களில் கிடையாது. ரிக்வயர்மென்ட் மட்டும் எழுதிட்டு இம்ப்ளிமென்டேஷனை விட்டுட்டாங்க. அதோட ஒரு கசப்பான விஷயமும் இருக்கு. அதுவரைக்கும் பல சபைகள், பக்கத்துல இருக்கிற யூதர்களுக்கு பாஸ்கா எப்போன்னு பார்த்து அதுக்கப்புறம் வர்ற ஞாயிறைக் கொண்டாடினாங்க. நம்ம பாஷையில சொன்னா வெளியாள் ஏபிஐ. அதை வெட்டிவிட்டு நாமே கணக்குப் போடணும்னு முடிவானது. கான்ஸ்டன்டைன் சபைகளுக்கு எழுதின கடிதம் நமக்குக் கிடைச்சிருக்கு. அதுல யூதர்கள் மேல இருக்கிற வெறுப்பு வெளிப்படையா தெரியுது. தேதியைத் தனியா கணக்குப் போட்டதுக்கு அந்த வெறுப்பும் ஒரு காரணம். ஈஸ்டர் வரலாறு சொல்ற நிறைய பேர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடுறாங்க.

கணக்குப் போடுற வேலை அலெக்சாந்திரியாவுக்குப் போச்சு. அன்றைய உலகத்தோட ஐஐடி மெட்ராஸ்னு வெச்சுக்கோங்க. அந்த ஊர் ஆயர் ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷம் ஈஸ்டர் எப்போன்னு கடிதம் அனுப்புவார். 367-ல அதனாசியுஸ் அனுப்பின அந்த மாதிரி ஒரு கடிதத்துலதான், இப்போ இருக்கிற புதிய ஏற்பாட்டோட 27 நூல்களும் முதல்முறையா அப்படியே பட்டியலா வருது.

கணக்கோட அடிப்படை 19 வருஷச் சுழற்சி. 19 சூரிய வருஷமும் 235 சந்திர மாசமும் ஏறக்குறைய ஒரே நீளம், ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம். அதனால 19 வருஷத்துக்கு ஒருமுறை பௌர்ணமி அதே தேதிக்குத் திரும்பும். 19 வரிசை உள்ள ஒரு அட்டவணை போதும். 2026-ஐ 19-ஆல் வகுத்தா மீதி 12. அந்த வரிசையில இருக்கிற பௌர்ணமி ஏப்ரல் 2, வியாழன். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 5. இந்த வருஷ ஈஸ்டர் ரெடி. விதி இதுதான்: மார்ச் 21 அன்றோ அதுக்குப் பிறகோ வர்ற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. இந்தக் கணக்குக்கு லத்தீன்ல கம்ப்யூட்டஸ்னு பேர். கம்ப்யூட்டர்ங்கிற சொல்லுக்கும் இதுக்கும் வேர் ஒண்ணுதான்.

525-ல ரோம்ல டயனீசியுஸ்னு ஒரு துறவி அடுத்த வருஷங்களுக்கான அட்டவணை தயார் பண்ணினார். அதுக்கு முன்னாடி அட்டவணையில வருஷத்தை எண்ணினது டயோக்ளீஷியன் பேரரசர் பட்டத்துக்கு வந்த வருஷத்திலிருந்து. கிறிஸ்தவர்களைக் கொன்னு குவிச்ச ஆள். ஈஸ்டர் அட்டவணையில அவன் பேர் எதுக்குன்னு, டயனீசியுஸ் அந்தக் காலத்தை எடுத்துட்டு இயேசு பிறந்ததிலிருந்து எண்ணினார். கி.பி. வந்த வழி இதுதான். உங்க பிறந்த சர்டிபிகேட்ல, ஆதார்ல, இந்த எபிசோட் தேதியில இருக்கிற வருஷ எண், ஒரு ஈஸ்டர் அட்டவணையில ஒரு காலத்தோட தலைப்பை மாத்தினதால வந்தது. இயேசு பிறந்த வருஷத்தை அவர் சில வருஷம் தப்பா போட்டார்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இனிமே யார் திருத்துவாங்க, புரொடக்ஷனுக்குப் போயாச்சு.

இப்போ எனக்குப் பிடிச்ச கதை. ஏழாம் நூற்றாண்டு, வட இங்கிலாந்துல நார்த்தம்ப்ரியா நாடு. அரசர் ஓஸ்வியூ, அயர்லாந்துத் துறவிகள் வழி வந்த பழைய அட்டவணைக்காரர். ராணி ஏன்ஃப்ளெட் கென்ட் பக்கம் வளர்ந்தவங்க, ரோமன் அட்டவணை. சில வருஷம் ரெண்டும் ஒரு வாரம் தள்ளி வரும். அரசர் தவக்காலத்தை முடிச்சு விருந்து சாப்பிடுவார். அதே அரண்மனையில ராணிக்கு அன்னைக்குத்தான் குருத்தோலை ஞாயிறு, இன்னும் ஒரு வாரம் விரதம் பாக்கி. ஒரே வீட்டுல ஒருத்தருக்கு பிரியாணி, ஒருத்தருக்கு கஞ்சி. இதை எழுதி வெச்சது பீட் என்கிற துறவி. 664-ல விட்பி மடத்துல சபை கூடுச்சு. ரெண்டு பக்கமும் கணக்கு, பாரம்பரியம் எல்லாம் வாதாடினாங்க. கடைசியில அரசர் கேட்டது ஒரே கேள்வி: சொர்க்கத்தோட சாவி பேதுருகிட்டதானே இருக்கு? ரெண்டு தரப்பும் ஆமான்னுச்சு. அப்போ நான் வாசல்ல போய் நிக்கும்போது சாவி வெச்சிருக்கவரைப் பகைச்சுக்க முடியாது, ரோமன் தேதியே இருக்கட்டும்னு முடிச்சுட்டார். கணக்கு யாருது சரின்னு அவர் பார்க்கவே இல்ல.

பீட் பேர் வந்ததால ரெண்டு விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன், ஏன்னா வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் சுத்துது. ஈஸ்டர்ங்கிற பேர் பாபிலோன் தேவதை இஷ்தார்ல இருந்து வந்ததுன்னு ஒரு படம் வரும். இல்ல. அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் ஒரு மாசத்தை ஈஸ்டர தேவதை பேரால கூப்பிட்டாங்கன்னு பீட் 725-ல ஒரு வரி எழுதினார், அவ்வளவுதான். பெரும்பாலான ஐரோப்பிய மொழிகள்ல பாஸ்கா என்பதோட திரிபுதான் பண்டிகைப் பேர். நம்ம ஊர்லயும் பாஸ்கா நாடகம்னுதானே சொல்றோம். அடுத்தது முட்டை. பழைய தவக்கால விரதத்துல கறி மட்டும் இல்ல, முட்டை, பாலும் கிடையாது. கோழிக்கு அது தெரியாதே, அது பாட்டுக்கு முட்டை போடும். நாப்பது நாள் சேர்ந்த முட்டையை ஈஸ்டர் அன்னைக்குத் தின்னு தீர்க்கணும். கிரேக்கர்கள் சிவப்புச் சாயம் போட்டு ஒருத்தர் முட்டையை இன்னொருத்தர் முட்டையில மோதி உடைப்பாங்க. யாரோடது உடையலையோ அவங்களுக்கு அதிர்ஷ்டம். முயல் ஜெர்மனியில இருந்து வந்தது, 1682-லயே ஒரு டாக்டர் அதைப் பத்தி எழுதியிருக்கார். சாக்லேட் எல்லாம் நேத்து வந்தது.

சரி, ஏதென்ஸுக்கு எப்படி அஞ்சு வாரம் தள்ளிப் போச்சு?

ஜூலியஸ் சீசர் நாள்காட்டியில வருஷம் 365.25 நாள். நிஜத்தைவிட 11 நிமிஷம் அதிகம். 128 வருஷத்துக்கு ஒரு நாள் பிசகும். 1500-கள்ல பத்து நாள் பிசகி, வசந்தகால சம இரவு நாள் மார்ச் 21-ல இருந்து மார்ச் 11-க்கு வந்திருச்சு. விவசாயிக்கோ வியாபாரிக்கோ இது பெரிய விஷயமில்ல. ஈஸ்டருக்கு அது பெரிய விஷயம். லிலியுஸ்னு ஒரு இத்தாலிய டாக்டர் தீர்வு எழுதி வெச்சுட்டுப் போனார், போப் பதிமூன்றாம் கிரகோரி 1582-ல அதை ஆணையாக்கினார். அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. 100-ஆல் வகுபட்டா லீப் வருஷம் இல்ல, 400-ஆல் வகுபட்டா உண்டு. முதல் வருஷ லேப்ல எல்லாரும் எழுதின அந்த இஃப்-எல்ஸ், ஈஸ்டருக்காக எழுதின பக் ஃபிக்ஸ்.

ஆனா அதை ரிலீஸ் பண்ணினது போப். கத்தோலிக்க நாடுகள் எடுத்துக்கிட்டாங்க. இங்கிலாந்து 1752 வரைக்கும் இழுத்தது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் 1054-லயே ரோமோட உறவு முறிஞ்சவங்க, ஏத்துக்கல. பின்னாடி கிறிஸ்துமஸ் மாதிரி நிலையான பண்டிகைகளுக்கு கிரீஸ் உட்பட பல சபைகள் புதுக் கணக்குக்கு வந்தாலும், ஈஸ்டரைத் தொடவே இல்ல.

அவங்களோட மார்ச் 21, இன்னைக்கு நம்ம நாள்காட்டியில ஏப்ரல் 3. 2024-ல மேற்குக்கு பௌர்ணமி மார்ச் 25, அதனால ஈஸ்டர் மார்ச் 31. கிழக்குக்கு அந்தப் பௌர்ணமி ஏப்ரல் 3-க்கு முன்னாடியே வந்துட்டதால செல்லாது, அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்கணும். வானத்துல அது ஏப்ரல் 24 அதிகாலை, நமக்கு சித்ரா பௌர்ணமி சமயம். ஆனா பழைய 19 வருஷ அட்டவணையும் நாலஞ்சு நாள் பிசகிக் கிடக்கு. அதுபடி ஏப்ரல் 28. அன்னைக்கு ஞாயிறு. பௌர்ணமி ஞாயிறில விழுந்தா அடுத்த ஞாயிறுன்னு விதி. மே 5. ஆச்சா அஞ்சு வாரம்? இதே காரணத்தால இந்தக் காலத்துல ரெண்டு ஈஸ்டரும் ஒரே நாள், இல்ல ஒரு வாரம், இல்ல நாலு, இல்ல அஞ்சு வாரம் தள்ளி வரும். ரெண்டு வாரம், மூணு வாரம்னு வரவே வராது.

நமக்கு இது புதுசில்ல. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம்னு ரெண்டு இருக்கே. 2025 மார்ச் 29 சனிப்பெயர்ச்சின்னு திருக்கணிதம் சொன்னது, வாக்கியம் 2026 மார்ச் 6-னு சொன்னது, திருநள்ளாறு கோவில் வாக்கியத்தோட நின்னது. யாருக்கும் கணக்குத் தெரியாமல் இல்ல.

மேற்கு அட்டவணையும் வானத்தைப் பார்க்கிறதில்ல, அது வேற விஷயம். 2019-ல நிஜமான சம இரவு மார்ச் 20, பௌர்ணமி மார்ச் 21. வானத்தை நம்பினா ஈஸ்டர் மார்ச் 24. அட்டவணைப்படி அந்தப் பௌர்ணமி மார்ச் 20-லேயே முடிஞ்சு போனது, அதனால ஈஸ்டர் ஏப்ரல் 21-க்குப் போச்சு. அந்தத் தேதியைப் படிக்கும்போதே உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். இலங்கையில் கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்கள்ல ஆராதனை நேரத்துல குண்டு வெடிச்ச நாள். அங்க அதை உயிர்த்த ஞாயிறு தாக்குதல்னு சொல்றாங்க. பண்டிகை ஒவ்வொரு வருஷமும் நகர்ந்து போகுது, ஏப்ரல் 21 நகராது. அந்தக் குடும்பங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை அந்த நாள் வருது.

என்னோட பத்து வரிக்கு வர்றேன். கார்ல் காவுஸ் 1800-ல இதை முதல்ல ஃபார்முலாவா எழுதினார். அதுல ஒரு பிழை இருந்து 1816-ல திருத்தினார். ஆக அவருக்கே பக் வந்திருக்குன்னு எனக்கு ஒரு ஆறுதல். அவரோட அம்மாவுக்கு மகன் பிறந்த தேதி ஞாபகமில்லையாம், இயேசு விண்ணேற்ற விழாவுக்கு எட்டு நாள் முன்னாடி ஒரு புதன்கிழமைன்னு மட்டும் தெரியுமாம். விண்ணேற்றம் ஈஸ்டரிலிருந்து 39 நாள். 1777-ல ஈஸ்டர் மார்ச் 30, விண்ணேற்றம் மே 8, எட்டு நாள் பின்னாடி போனா ஏப்ரல் 30. சரியா புதன். நான் காப்பி அடிச்சது 1876-ல பேர் சொல்லாத ஒருத்தர் நேச்சர் இதழுக்கு அனுப்பின வடிவத்தோட வாரிசு. கணக்குல தப்பே இல்ல. “ஈஸ்டர்”னு ஒரே ஒரு வேரியபிள் வெச்சேன் பாருங்க, அங்கதான் தப்பு.

இதைச் சரி பண்ண முயற்சி பண்ணாமலும் இல்ல. பிரிட்டன் 1928-ல, ஏப்ரல் ரெண்டாவது சனிக்கு அடுத்த ஞாயிறுன்னு சட்டமே போட்டது. சபைகள் ஒத்துக்காததால அமலுக்கு வரவே இல்ல. 1997-ல அலெப்போ நகரத்துல பல சபைகள் கூடி, ஜெருசலேம் வானத்தை வெச்சு நிஜ பௌர்ணமியைக் கணக்குப் போடலாம்னு ஒரு யோசனை வெச்சாங்க. அறிவியல்படி அதைவிட நியாயமான தீர்வு கிடையாது. யாரும் எடுத்துக்கல. 2025-ல நிசேயாவுக்கு 1700 வருஷம் ஆச்சு, தற்செயலா ரெண்டு ஈஸ்டரும் ஏப்ரல் 20-லேயே வந்தது. இனி இப்படியே சேர்ந்து கொண்டாடுவோம்னு கேட்டுக்கிட்டிருந்த போப் பிரான்சிஸ், அதுக்கு அடுத்த நாள் காலமானார்.

பெரிய மாநாடுகள்ல நடக்காதது சின்ன இடங்கள்ல நடந்திருக்கு. கிரீஸ்ல இருக்கிற கத்தோலிக்கர்கள், போப்போட ஆட்கள்தான், ஆனா ஈஸ்டரை ஆர்த்தடாக்ஸ் தேதியில கொண்டாடறாங்க. சீரோஸ் தீவுல ரெண்டு பேரும் பாதிப்பாதி கலந்து வாழ்றாங்க. ஒரே ராத்திரியில ரெண்டு கோவில் ஊர்வலமும் கிளம்பும். பின்லாந்துல தலைகீழ்: அங்க சிறுபான்மையா இருக்கிற ஆர்த்தடாக்ஸ் சபை மேற்குத் தேதிக்கு வந்துட்டது. நம்ம பக்கத்துல மலங்கரா ஆர்த்தடாக்ஸ் சபையும் மேற்குத் தேதிதான். இங்கெல்லாம் யாரும் யாரோட கணக்கும் சரின்னு நிரூபிக்கல, பக்கத்து வீட்டுல என்னைக்கு விரதம் முடியுதோ அன்னைக்கே முடிச்சுக்கிட்டாங்க.

தோழிகிட்ட மறுநாளே மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல, எங்க பாட்டி போன்ல கத்தினதைவிடக் கம்மிதான்”னு சொன்னாங்க. ஊர்வலத்துல லேப்டாப் திறந்ததைப் பாட்டி பார்த்துட்டாங்களாம்.

அட்டவணையில இப்போ ரெண்டு வரிசை இருக்கு. 2027-ல மார்ச் 28-ம் மே 2-ம். 2028-க்கு ஸ்கிரிப்ட் ஓட்டிப் பார்த்தப்போ ரெண்டுலயும் ஏப்ரல் 16 வந்தது. டெஸ்ட் எழுதின ஜூனியர் பையன் அதை டூப்ளிகேட்னு நினைச்சு ஒண்ணை அழிச்சுட்டான். திரும்பப் போட்டுட்டேன்.